மடித்துக் கூட்டும் கணக்கு

பறுவ நாள் இரவொன்றில் மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தில் நின்றுகொண்டு என் மருமகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு காணொளி எடுத்தான். பாலத்தின் இரும்புச் சட்டங்கள், அக்கரை விளக்குகள், மேலே நிலவு, கீழே காற்றுக்குச் சிலிர்த்துக்கொண்டிருந்த வாவி. மூன்று நிமிடக் காட்சி. கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கு அதை அங்கேயே நின்று அனுப்பினான். வீட்டுக்கு வந்து, அனுப்பிய பிரதியைத் திறந்து பார்த்தவனின் முகம் சுருங்கிப் போனது.

"மாமா, வானம் வடிவாக் கிடக்கு. தண்ணி மட்டும் ஏன் கட்டங் கட்டமா வருகுது?"

உண்மைதான். வானத்தில் ஒரு குறையும் இல்லை. வாவி மட்டும் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து கிடந்தது. பிறகு, எடுத்த மூலக் கோப்பை அப்படியே அவனுடைய அம்மாவின் பழைய தொலைபேசிக்கு மாற்றிப் பார்த்தோம். இப்போது தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் படம் திக்கித் திக்கி ஓடியது. காட்சி முடிவதற்குள் தொலைபேசியின் முதுகு கையைச் சுட்டது.

தண்ணீர் ஏன் சதுரமாக உடைகிறது? பழைய தொலைபேசி ஏன் சுடுகிறது? இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். திரையில் ஓடும் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னாலும் ஒரு கணக்கு ஒவ்வொரு வினாடியும் இலட்சக்கணக்கான தடவை போடப்படுகிறது. அந்தக் கணக்கையும், அதைச் சுருக்க ஐம்பது ஆண்டுகளாகப் பலர் செய்த வேலையையும் கல்லடியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

துடுப்பும் யாழும்

இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். அதைக் கேட்க விரும்புகிறவர்கள் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் இறக்கி மறுநுனியைக் காதோடு சேர்த்து வைப்பார்கள். 1848 ஆம் ஆண்டு இங்கு வந்த பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், படகின் மரத்தில் காதை வைத்தபோது அந்த ஓசை இன்னும் பெருகிக் கேட்டதாக எழுதியிருக்கிறார். அது நீண்டு இழையும் ஒற்றைச் சுரம் அல்ல, தனித்தனியே தெளிவாகக் கேட்கும் பல சிற்றொலிகளின் சேர்க்கை, மெல்லிய உச்ச ஒலியும் தாழ்ந்த ஒலியும் கலந்தது என்பது அவருடைய குறிப்பு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துடுப்பு காதுக்குக் கொண்டுவருவது வெறும் அதிர்வு. எந்தக் கணத்திலும் செவிப்பறை கொஞ்சம் உள்ளே போகிறது, அல்லது கொஞ்சம் வெளியே வருகிறது, அவ்வளவுதான். அந்த ஒற்றை அசைவுக்குள் உச்ச ஒலியும் தாழ்ந்த ஒலியும் ஒன்றாய்க் குழைந்து கிடக்கின்றன. அப்படியிருந்தும் நாம் அவற்றைப் பிரித்துக் கேட்கிறோம். உட்செவியின் நத்தைச்சுருளில் ஒரு பக்கம் உயர் மீடிறன் ஒலிக்கும், மறுபக்கம் தாழ் மீடிறன் ஒலிக்கும் அசைந்து கொடுக்கிறது. மீடிறன் என்பது ஒரு வினாடிக்குள் எத்தனை தடவை அதிர்கிறது என்ற அளவு. கலந்து வந்ததைக் காது மீடிறன் வாரியாக வகைபிரித்து வைக்கிறது.

இதையே கண்ணால் காண வேண்டுமானால் ஒரு யாழை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்புகள் வரிசையாகக் கட்டப்பட்ட யாழுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சுரத்தைப் பாடினால், அந்தச் சுரத்துக்கு இசைந்த நரம்பு தொடாமலே நடுங்கும். பௌதிகவியலில் இதைப் பரிவு என்கிறோம். கல்லடி உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. பண்டைய யாழ்களின் நரம்புகளையும் சுரங்களையும் கணித வழியில் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டு வெளிவந்தது. இசையை எண்ணாகப் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இப்போது யாழின் முன்னால் ஒருவர் நீளமாக ஏதோ பாடுகிறார் என்று வையுங்கள். எந்த நரம்பு எவ்வளவு நடுங்கியது என்று ஒரு பட்டியல் எழுதுகிறோம். பாட்டு அந்தப் பட்டியலாக மாறிவிட்டது. இந்த மாற்றத்துக்குத்தான் உருமாற்று என்று பெயர். பட்டியலில் உள்ள எண்கள் குணகங்கள். பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு நரம்பையும் அதற்குரிய அளவுக்கு ஒரே நேரத்தில் மீட்டினால் பழைய ஒலி திரும்பக் கிடைக்கும். இது நேர்மாறு உருமாற்று. காணொளியை அனுப்பும் பக்கத்தில் முதலாவது நடக்கிறது. பார்க்கும் பக்கத்தில், அதாவது குறிவிலக்கியில், இரண்டாவது நடக்கிறது.

படத்துக்கும் அலை உண்டு

படத்தில் எங்கே அதிர்வு இருக்கிறது? ஒரு படத்தின் நிரை ஒன்றை எடுத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு படப்புள்ளியின் வெளிச்சத்தையும் எண்ணாக எழுதிப் பாருங்கள். வானத்தில் எண்கள் ஏறக்குறைய மாறாமலே போகும். வாவியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். அதுவும் அலைதான். காலத்தில் ஓடாமல் இடத்தில் ஓடும் அலை.

காணொளிக் கணக்கில் படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நெடுங்காலம் வழங்கிய அளவு நீளத்தில் 8, அகலத்தில் 8, ஆக 64 படப்புள்ளிகள். இந்தச் சதுரத்துக்குரிய யாழில் 64 நரம்புகள். ஒவ்வொரு நரம்பும் ஒரு கோலம். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் நெட்டுக் கோடு மட்டும், சிலவற்றில் குறுக்குக் கோடு மட்டும், சிலவற்றில் இரண்டும் சேர்ந்து கட்டம். கோடுகள் அகலமாகவும் இருக்கலாம், நெருக்கமாகவும் இருக்கலாம். அதேபோல ஒன்றுமே இல்லாத வெறுந்துணியில் தொடங்கி மிக நெருங்கிய கட்டம் வரை 64 கோலங்கள். உலகத்தில் எந்தப் படத்தின் எந்தச் சதுரத்தையும் இந்த 64 கோலங்களைத் தக்க அளவுகளில் ஒன்றன்மேல் ஒன்று போட்டு அச்சொட்டாக உண்டாக்கிவிடலாம். கோடுகள் வெளிச்சத்திலிருந்து இருளுக்குக் கோசைன் வளைகோட்டின் வழியே மெல்ல மாறுவதால் இதற்குத் தனித்த கோசைன் உருமாற்று என்று பெயர்.

வானத்துச் சதுரத்துக்கு வெறுந்துணிக் கோலம் ஒன்றே போதும். மற்ற 63 குணகங்களும் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அனுப்பும்போது சின்னக் குணகங்களை மட்டந்தட்டிப் பூச்சியமாக்கிவிட்டால் கோப்பு சுருங்கும், வானத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. அலையாடும் தண்ணீருக்கோ நெருங்கிய கோலங்கள்தாம் உயிர். அவற்றையும் மட்டந்தட்டினால் தண்ணீர் தன் நெளிவை இழந்துவிடும். ஒவ்வொரு சதுரமும் தனித்தனியே இழப்பதால் அடுத்த சதுரத்தோடு விளிம்பு பொருந்தாது. மருமகன் கண்டது அந்த விளிம்புகளைத்தான்.

கன்சாஸில் ஒரு கோடைகாலம்

இந்தக் கோசைன் உருமாற்று 1974 ஆம் ஆண்டு ஜனவரியில் அச்சேறிய, சில பக்கங்களே கொண்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் பிறந்தது. எழுதியவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது 1940 இல் பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தவர். நடராஜன் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த மாணவர். ராவ் அவருடைய நண்பர்.

படத்தைச் சுருக்குவதற்கு மிகச் சிறந்த உருமாற்று எது என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சிறந்த உருமாற்றில் கோலங்கள் படத்துக்குப் படம் மாறும். விரைவாகக் கணக்கிடவும் வழி இல்லை. எல்லாப் படத்துக்கும் பொதுவான நிலையான கோலங்கள் வேண்டும், பலனும் சிறந்ததை ஒட்டி இருக்க வேண்டும், கணக்கும் விரைவாக முடிய வேண்டும். இதற்குக் கோசைன் உதவும் என்று கருதி 1972 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வு நிதி கேட்டார் அகமது. கிடைக்கவில்லை. எண்ணம் மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறிப்பிட்டதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். நிதி இல்லாமலே 1973 கோடையில் மூவரும் வேலையை முடித்தார்கள். 1992 இன் ஜேபெக் ஒளிப்படத் தரம், நம் வீடுகளில் வீடியோ சிடியாகச் சுழன்ற எம்பெக்-1, பின்வந்த காணொளித் தரங்கள் எல்லாவற்றின் நடுவிலும் நிற்பது அந்த எளிய எண்ணம்தான்.

விரைவு பற்றிய அக்கறை அந்த முதற் கட்டுரையிலேயே இருந்தது. காரணத்தை எண்களில் பார்க்கலாம். 64 படப்புள்ளிகளில் ஒவ்வொன்றையும் மீட்க 64 கோலங்களின் பங்கையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு சதுரத்துக்கு 4096 பெருக்கல்கள். இன்றைய 1920க்கு 1080 என்ற அளவுப் படத்தில், நிறத்துக்குரியவற்றையும் சேர்த்தால் 48,600 சதுரங்கள். வினாடிக்கு 25 படங்கள் என்றால் 12 இலட்சத்து 15 ஆயிரம் சதுரங்கள். எல்லாவற்றுக்கும் இப்படியே கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 500 கோடிப் பெருக்கல்கள். பெருக்கலுக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் வெப்பமாகும். அம்மாவின் தொலைபேசி சுட்டது சும்மா அல்ல.

முதற் சிக்கனம் தறியில் இருக்கிறது. கட்டம் போட்ட சாரத்தை நெசவாளர் கட்டம் கட்டமாக நெய்வதில்லை. பாவு நூலில் நெட்டுக்கோடு வந்துவிடும். ஊடை நூல் ஓடும்போது குறுக்குக்கோடு வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கட்டம் தானாக விழும். அதேபோல நிரைகளுக்குத் தனியாக ஒரு தடவை, நிரல்களுக்குத் தனியாக ஒரு தடவை உருமாற்றினால் போதும். 8 நிரை, 8 நிரல், ஆக 16 சிறு கணக்குகள். ஒவ்வொன்றிலும் 64 பெருக்கல். 4096 ஆக இருந்தது 1024 ஆகிறது. நான்கில் மூன்று பங்கு வேலை, கோலங்களின் இயல்பைக் கவனித்ததாலேயே குறைந்துவிட்டது.

சந்தையில் தெரிந்த சூத்திரம்

இரண்டாவது சிக்கனம் மீன் வாங்கும் எவருக்கும் தெரியும். ஒரே விலைக்கு இரண்டு வகை மீன் எடுக்கிறீர்கள். இதை நிறுத்து விலையால் பெருக்கி, அதை நிறுத்து விலையால் பெருக்கி, பிறகு கூட்டுவதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்து ஒரே தடவை பெருக்குகிறோம். விலை ஒன்றாக இருந்தால் முதலில் கூட்டு, பிறகு பெருக்கு.

கோசைன் கோலங்களில் இந்த ஒரே விலை நிறைய இருக்கிறது. ஒவ்வொரு கோலமும் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டிலொன்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாக இருக்கும். அல்லது ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் அதே அளவு இறங்கும். முதல் வகையில் முதற் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் ஒரே விலை, ஆகவே கூட்டலாம். இரண்டாம் வகையில் விலை ஒன்று, குறி மட்டும் எதிர், ஆகவே கழிக்கலாம். சேலையை நடுவில் மடிப்பதுபோல வரிசையை நடுவில் மடித்துவிட்டால் பாதி வேலைதான்.

நான்கு எண்களை வைத்து இதைச் செய்துகாட்டினேன். மருமகன் பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பி வைத்துப் பேனையை எடுத்தான். வெளிச்சம் மெல்ல ஏறும் நான்கு புள்ளிகள்: 90, 100, 110, 120. கோலங்களும் நான்கு. முதலாவது சமன்: 1, 1, 1, 1. இரண்டாவது சரிவு: 2, 1, -1, -2. மூன்றாவது பள்ளம்: 1, -1, -1, 1. நான்காவது நெளிவு: 1, -2, 2, -1. கோசைனின் உண்மையான பெறுமானங்களுக்குப் பதிலாக அவற்றை ஒத்த இந்த முழு எண்களைத்தான், கைத்தொலைபேசிகளில் மிகப் பரவலாக வழங்கும் எச்.264 என்ற தரம் 2003 முதல் பயன்படுத்துகிறது.

மடியுங்கள். முதலாவதையும் கடைசியையும் கூட்டினால் 210. நடு இரண்டையும் கூட்டினால் 210. அந்த இரண்டையும் கூட்டினால் 420, அது சமன். கழித்தால் 0, அது பள்ளம். இனி வித்தியாசங்கள். முதலாவதிலிருந்து கடைசியைக் கழித்தால் -30. நடு இரண்டையும் கழித்தால் -10. -30 ஐ இரட்டித்து -10 ஐக் கூட்டினால் -70, அது சரிவு. -30 இலிருந்து -10 இன் இரட்டிப்பைக் கழித்தால் -10, அது நெளிவு. எட்டுக் கூட்டல் கழித்தல்களும் இரண்டு இரட்டிப்புகளும் மட்டுமே. பத்தால் பெருக்க நாம் ஒரு பூச்சியத்தைச் சேர்ப்பதுபோல, இரண்டின் அடியில் எண்ணும் கணினி எண்ணை ஓரிடம் தள்ளி வைத்தே இரட்டித்துவிடும். பெருக்கல் ஒன்றுகூட இல்லை.

"திருப்பி எடுக்கேலுமா மாமா?"

எடுக்கலாம். கோலங்களின் கனம் ஒன்றல்ல என்பதால் நான்கு குணகங்களையும் முறையே 4, 10, 4, 10 ஆல் வகுத்துக்கொள்கிறோம்: 105, -7, 0, -1. இந்த வகுத்தலுக்குத் தனி நேரம் போவதில்லை. மட்டந்தட்டிய எண்களை மீட்கும் படியோடு அதையும் சேர்த்துவிடுவார்கள். கண்ணாடி வகைக் கோலங்கள் இரண்டும் சேர்ந்து வெளிப்புள்ளிகளுக்கும் 105, உட்புள்ளிகளுக்கும் 105 தருகின்றன. எதிர்வகை இரண்டும் சேர்ந்து வெளிப்புள்ளிக்கு -15, உட்புள்ளிக்கு -5 தருகின்றன. இப்போது மடிப்பை விரியுங்கள். இடப்பக்கத்தில் கூட்டினால் 90, 100. வலப்பக்கத்தில் கழித்தால் 110, 120. அந்த 15ஐயும் 5ஐயும் ஒரே தடவைதான் கணக்கிட்டோம். இரண்டு பக்கத்துக்கும் அவை உதவின. இந்தக் கூட்டல் கழித்தல் இணையைத் தாளில் கோடுகளாக வரைந்தால் சிறகு விரித்த பூச்சிபோலத் தெரியும். துறைசார்ந்தவர்கள் அதை வண்ணத்துப்பூச்சி என்றே அழைக்கிறார்கள்.

கடைசி -1 ஐ வீசிவிட்டுத் திரும்ப எடுத்தால் 91, 98, 112, 119 வரும். மெல்ல ஏறும் வெளிச்சத்தில் இந்த ஒன்றிரண்டு வித்தியாசத்தைக் கண் காணாது.

பதினொன்றுக்குக் கீழே இல்லை

எட்டுப் புள்ளிகளுக்கும் இதே மடிப்புத்தான். ஒரு தடவை மடித்தால் 64 பெருக்கல் 32 ஆகும். கண்ணாடி வகையின் பாதியை மறுபடி மடிக்கலாம், அதன் பாதியை மறுபடியும் மடிக்கலாம். அப்போது 22. அதற்குக் கீழே போக வேறு யுக்திகள் தேவைப்பட்டன. 1977 இல் சென், சிமித், ஃபிராலிக் ஆகிய மூவரும் 16 பெருக்கல்களில் முடித்தார்கள். 1984 இல் லீ அதை 12 ஆக்கினார். 1987 இல் டுஹாமெல், ஹ்மிடா என்ற இருவர் வேறொரு திசையிலிருந்து வந்தார்கள். எந்த யுக்தி செய்தாலும் 11 க்குக் கீழே போக முடியாது என்று கணித வழியில் நிறுவினார்கள். அதுவரை ஒருவரும் எட்டிப்பிடிக்காத எல்லைக்கு முன்கூட்டியே வேலி போட்டாயிற்று. 1989 இல் லோஃப்லர், லிக்டன்பெர்க், மோஷிட்ஸ் மூவரும் சரியாக 11 பெருக்கல்களில் செய்து காட்டி அந்த வேலியைத் தொட்டார்கள்.

இடையில் 1988 இல் அராய், அகுய், நகாஜிமா என்ற ஜப்பானியர் மூவர் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். மட்டந்தட்டும் படியில் எப்படியும் ஒவ்வொரு குணகத்தையும் ஓர் எண்ணால் பெருக்கத்தான் போகிறோம். உருமாற்றின் பெருக்கல்களில் சிலவற்றை அந்த எண்ணுக்குள்ளேயே முன்கூட்டிச் சேர்த்துவிட்டால், மிஞ்சுவது 5 பெருக்கல்தான். வேலியை அவர்கள் உடைக்கவில்லை. சுமையை ஏற்கெனவே அந்தப் பக்கம் போகும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

சதுரம் ஒன்றுக்கு 16 சிறு கணக்குகள், கணக்குக்கு 11 பெருக்கல் என்றால் 176. தொடங்கியது 4096 இல். வினாடிக்கு 500 கோடியாக இருந்தது ஏறத்தாழ 21 கோடியாகிவிட்டது. விடை மாறவில்லை, படம் மங்கவில்லை. ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதை மட்டும் நிறுத்தினார்கள்.

செய்யவே தேவையில்லாத வேலையும் உண்டு. வானத்துச் சதுரத்தில் வெறுந்துணிக் கோலத்தின் குணகம் மட்டும் பூச்சியமில்லாமல் வந்தால் உருமாற்றே வேண்டாம். அந்த ஒரு வெளிச்சத்தைச் சதுரம் முழுக்கப் பூசிவிடலாம். நல்ல குறிவிலக்கி, கடைசியாக எந்தக் குணகம் வந்தது என்று முதலில் பார்க்கும். அதற்கு அப்பால் எல்லாம் பூச்சியம் என்றால் அந்தப் பக்கம் போகாது. வாவிச் சதுரங்களில் இந்தச் சலுகை கிடைப்பது குறைவு.

கரைவலை இழுப்பதுபோல

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கல்லடியில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடுத்த யுக்தி எளிதில் விளங்கும். ஆளுக்கொரு கட்டளை அங்கே இல்லை. ஒரு குரல் எழும். கயிற்றில் இருக்கும் அத்தனை கைகளும் ஒரே அசைவில் இழுக்கும். 1997 இல் பென்டியம் சில்லுகளுக்கு இதே வழக்கம் வந்தது. ஒரே கட்டளை, பல தரவு. "கூட்டு" என்று ஒரு தடவை சொன்னால் நான்கு சோடி எண்கள் ஒரே நேரத்தில் கூட்டப்படும். இன்று கைத்தொலைபேசிச் சில்லுகளில் எட்டுச் சோடி, மேசைக் கணினிகளில் பதினாறும் முப்பத்திரண்டும்.

கயிற்றில் கைகள் வரிசையாக நின்றால்தான் இழுக்க முடியும். நிரல்களைக் கணக்கிடும்போது எட்டு நிரல்களும் தோளோடு தோள் நின்று ஒன்றாக முன்னேறும், சிக்கல் இல்லை. நிரைகளுக்கு வரும்போது எண்கள் குறுக்காகக் கிடக்கும். ஆகவே நடுவில் ஒரு தடவை நிரையை நிரலாக்கி, நிரலை நிரையாக்கித் திருப்பிப் போட வேண்டும். இந்தத் திருப்பலை எத்தனை குறைந்த கட்டளைகளில் முடிப்பது என்று வாரக்கணக்கில் யோசித்து, ஒவ்வொரு கட்டளையையும் கையாலேயே அசெம்பிளி மொழியில் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய தொலைபேசியின் சூட்டுக்கு விடை இங்கேதான். புதிய தொலைபேசிகள் பல காணொளி எடுப்பது 2013 இல் வந்த எச்.265 என்ற தரத்தில். அதில் சதுரம் 32க்கு 32 வரை போகும், கணக்கும் பெரிது. அந்தத் தரத்துக்கென்றே செதுக்கிய சுற்று புதிய சில்லுகளில் உண்டு. அது குறைந்த மின்சாரத்தில் வேலையை முடித்துவிடும். பழைய சில்லில் அது இல்லாவிட்டால், எல்லா வேலைக்கும் பொதுவான மையச் செயலிதான் கணக்கு முழுவதையும் போட வேண்டும். அதற்கு உதவியாக இருப்பது மேற்சொன்ன சிக்கனங்கள் மட்டுமே. அதனால்தான் 2018 இல் ஏவி1 என்ற புதிய தரம் வெளிவந்த கையோடு, வி.எல்.சி. இயக்கியை உருவாக்கிய வீடியோலான் குழுவினர் அதற்கென ஒரு விரைவுக் குறிவிலக்கியை எழுதத் தொடங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தார்கள். புதிய சில்லு வாங்க வசதி இல்லாத கைகளுக்கும் புதிய தரம் போய்ச் சேர இத்தகைய கணினி நிரல்கள்தாம் வழி.

சரியா என்று எப்படித் தெரியும்

விரைவாக வந்த விடை சரியான விடையா? இதை நம்பிக்கையில் விட முடியாது. 1990 இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியியலாளர் அமைப்பு ஒரு சோதனையைத் தரமாக்கியது. எழுந்தமானமாக எடுத்த 10,000 சதுரங்களை ஒரு பக்கம் மிக நுட்பமான, மெதுவான கணக்குக்கும், மறுபக்கம் சோதிக்கப்படும் விரைவுக் கணக்குக்கும் கொடுக்க வேண்டும். எந்தப் படப்புள்ளியிலும் வித்தியாசம் ஒன்றைத் தாண்டக்கூடாது. சராசரிப் பிழையோ அதைவிட மிக மிகச் சிறிதாக இருக்க வேண்டும்.

ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. காணொளியில் பெரும்பாலான படங்கள் முந்திய படத்திலிருந்து எவ்வளவு மாறின என்றே அனுப்பப்படுகின்றன. கடைக்காரரின் கொப்பியிலும் நம் கொப்பியிலும் நாளுக்கு நாள் சதத்தை வெவ்வேறு விதமாக மட்டந்தட்டினால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும் அல்லவா, அதேபோல அனுப்புபவரின் மட்டந்தட்டலும் பார்ப்பவரின் மட்டந்தட்டலும் சிறிது சிறிதாக விலகிப் படத்தில் அழுக்காகப் படியும். இதற்குப் பயந்தே பழைய தரமான எச்.261, எந்தப் பகுதியையும் 132 தடவைக்குள் ஒரு தடவையாவது புதிதாக முழுமையாக அனுப்ப வேண்டும் என்று விதித்தது. முழு எண் கோலங்கள் வந்தபிறகுதான் இந்தப் பயம் தீர்ந்தது. 1, 2 என்ற எண்களை எந்த நாட்டு எந்தச் சில்லில் கூட்டினாலும் விடை கடைசி இலக்கம் வரை ஒன்றே.

இன்று விரைவு நிரல் எழுதுகிறவர்கள், மெதுவான ஆனால் எளிதாக வாசிக்கக்கூடிய ஒரு நிரலையும் கூடவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டுக்கும் எழுந்தமானமான எண்களைக் கொடுத்து விடைகளை ஒப்பிடுகிறார்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் அந்த விரைவு நிரல் தள்ளப்படும்.

நாட்காட்டித் தாளில் இடம் மிச்சம் இருந்தது. மருமகன் பேனையைக் கீழே வைக்கவில்லை.

"இப்ப தண்ணியைப் போட்டுப் பாப்பம் மாமா" என்று தானே நான்கு எண்களை எழுதினான்: 30, 80, 20, 90. ஏறி இறங்கி ஏறும் அலை. மடித்தான், கூட்டினான், கழித்தான், வகுத்தான்: 55, -6, 5, -18. சமனைத் தவிர்த்தால் மிகப் பெரியது கடைசியில் நின்ற நெளிவு. அதை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, மடிப்பை விரித்துத் திரும்ப எடுத்தான்: 48, 44, 56, 72.

இரண்டு வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே அலை இருந்தது. கீழே அலை இல்லை, ஒரு சரிவு மட்டும் கிடந்தது.

"வெட்டினது அலையைத்தான்" என்றான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.